எதுக்கால ஆளே இல்லைங்களாமா!

ஷெரீப் தம்பிக்கு,

அமெரிக்காவுல இந்த டென்னசிக் கவுண்டியோட போலீசையும் ஜெயிலையும் கையில வெச்சிருக்கற ஆளு நீங்க. வர்ற ஆகஸ்ட்டுத் தேர்தல்ல உங்களை எதுத்து ஒருத்தருமே மனுப் போடலைன்னு கேள்விப்பட்டேன். சந்தோசமுங்க. எங்க பக்கம் ரேக்ளா பந்தயத்துல ஒத்தை வண்டி மட்டும் ஓடி, மொதப் பரிசையும் அதுவே வாங்கிட்டுப் போனா எப்படிக் கைதட்டுவமோ, அப்படியே தட்டுனனுங்க. சத்தம் சித்தக் கம்மியா வந்திருக்கும். வயசாயிருச்சுங்க, அதுதான். வேற ஒண்ணுமில்லை.

நான் ஆருன்னு உங்களுக்குத் தெரியாமப் போகாது. இங்கத்த ஆஸ்பத்திரியில என்ற மக டாக்டரு. இந்த மாதிரிச் சின்ன ஊருக்கு டாக்டருங்க வர மாட்டேங்கறாங்கன்னு உங்க சர்க்கார் விசா விதியைச் சித்தத் தளர்த்தி வெளிநாட்டு டாக்டருங்களை வெச்சுக்குதில்லைங்களா, அப்படித் தங்கிப் போன புள்ளை. அவளைப் பாக்க வந்த நானு, காலையில கோர்ட்டுக்கு முன்னால மரத்தடிப் பெஞ்சுல போயி உக்காந்துக்குவேன். அங்க உள்ளூர்க் கெழவனுங்க கத்தியை வெச்சுக் குச்சி சீவிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பேசறது எனக்குப் பாதிதான் வெளங்கும். நான் பேசறது அவங்களுக்கு அதுவும் இல்லை. ஆனா உங்களைப் பத்தின பேச்சு வந்துச்சுன்னா மட்டும் அத்தனை பேரும் கொரலைத் தாழ்த்திக்குவாங்க. அது எனக்கு முழுசா வெளங்கிருச்சுங்க.

எனக்கு இங்க ஓட்டுக் கெடையாது. மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள ஊருக்குத் திரும்பிருவேன். உங்ககிட்ட எனக்கு ஆகோணும்ங்கற காரியமும் இல்லை, பயமும் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தன் ரோசனை சொல்ல வந்தா இருந்து கேட்டுக்கறதுதான் நல்லதுங்க. இதை என்ற பேத்தி உங்களுக்கு இங்கிலீசுல படிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருக்கறா. நல்ல புள்ளை அவ. காரத்தைப் பாதியாக் கொறைச்சுத்தான் சொல்லுவா.

மொதல்ல ஒரு சந்தேகம் கேட்டுக்கறனுங்க. எதுக்கால ஆளே இல்லாத தேர்தலுக்கு எதுக்குங்க இத்தனை போர்டு? தீவனக் கடை முக்குல ஒண்ணு, பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு எதுக்கால ரெண்டு, பெட்ரோல் பங்குல வரிசையா மூணு. எல்லாத்துலயும் உங்களையே மறுபடியும் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் போட்டிருக்குது. தேர்ந்தெடுக்காம வேற என்னங்க பண்ணப் போறாங்க? சீட்டுல உங்க பேரு ஒண்ணுதான இருக்கப் போகுது. ஜூலை நாலாந்தேதி ஊர்வலத்துல வேற, லாரி மேல நின்னுக்கிட்டு முட்டாயி வாரி வாரி வீசுனீங்க. அதைப் பொறுக்குனதெல்லாம் பொடிசுங்க. அதுகளுக்கு ஓட்டே கெடையாதே தம்பின்னு நெனைச்சேன். பேத்திதான் சொன்னா, "இன்னம் பத்துப் பன்னெண்டு வருசத்துல அவங்களுக்கு ஓட்டு வந்துரும் அப்புச்சி, அப்பவும் இவருதான் நிப்பாரு"ன்னு. அடேங்கப்பா! நம்மூர் அரசியல்வாதி அஞ்சு வருசத்துக்கு மேல ரோசிச்சு நான் பாத்ததில்லைங்க.

சரி, உங்களை எதுத்து நிக்கறதுக்கு என்னதான் வேணும்னு விசாரிச்சுப் பாத்தேன். இந்த டென்னசியில ஷெரீப் வேலைக்கு நிக்கறவனுக்குப் போலீஸ் அனுபவமும் பயிற்சிச் சான்றும் வேணும். மனுவுல 25 வாக்காளருங்க கையெழுத்து வேணும். 25-ங்க, 2,500 இல்லை. சனிக்கெழமை காலையில அந்தத் தீவனக் கடை வாசல்ல நின்னாலே சோத்து நேரத்துக்குள்ள வாங்கிரலாம். அப்பறம் ஏனுங்க ஒருத்தனும் நிக்கலை?

அந்தக் காகிதத்துல 25 பேரும் பேரெழுதிக் கையெழுத்துப் போடோணும். தேர்தல் ஆபீசுல அது இருக்கும். ஆரு வேணும்னாலும் கேட்டுப் பாக்கலாம். நீங்களும் பாக்கலாம். நீங்க பாக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா பாத்துருவீங்களோன்னு அவங்களுக்கு ஒரு ரோசனை. ஏன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்ட வர்றது உங்க ஆளு. கடன் கட்டாதவன் சொத்தைக் கோர்ட்டு உத்தரவோட ஏலம் போடறதும் உங்க ஆபீசு. ரோட்டுல கார் மோதிக் கெடந்தா எந்த வண்டிக்காரனைக் கூப்புட்டு இழுத்துட்டுப் போகச் சொல்றதுங்கற பட்டியலும் உங்ககிட்ட. மவன் சனிக்கெழமை ராத்திரி குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டுனா அவன் படுக்கற எடமும் உங்களுது. இந்தக் கவுண்டியில உங்ககிட்ட ஏதாச்சும் ஒரு காரியம் இல்லாத 25 பேரைத் தேடிப் புடிக்கறதுதான் கஷ்டமுங்க.

போலீஸ் அனுபவம் வேணும்ங்கறாங்களே, அதையும் பாருங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல அந்த அனுபவம் இருக்கறவன் முக்காவாசிப் பேரு உங்ககிட்டச் சம்பளம் வாங்கறவன். உங்களுக்குக் கீழ இருக்கற டெபுடி ஒருத்தன் காலையில மனுப் போட்டான்னு வெச்சுக்குவோம். பொழுதோட அவன் ஓட்டற காரோட சாவி ஆரு கையில இருக்கும்? நீங்க அப்படிப்பட்டவரு இல்லைங்க. ஆனா மத்த எடங்கள்ல மேலதிகாரியை எதுத்து நின்னவன் வேலை போயி, வழக்காகி, அதுல சில வழக்குல வேலையை விட்டு எடுத்தது சரிதான்னு கோர்ட்டே சொல்லியிருக்குது. டெபுடிக்கும் வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்களே.

இதுல உங்களை மட்டும் கொறை சொல்ல எங்களுக்கு வாயில்லைங்க. எங்க நாட்டுல ஊராட்சித் தலைவர் பதவியையே கோயில் முன்னால வெச்சு ஏலம் போடற ஊருங்க உண்டு. எச்சா ஏலம் கேட்டவரு மட்டும் மனுப் போடுவாரு. மத்தவங்க கம்முனு இருந்துக்கோணும். பணம் கோயில் திருப்பணிக்கு. தேர்தல் வந்தா இது சட்ட விரோதம்னு கலெக்டர் அறிக்கை விடுவாரு. அறிக்கை வந்த மறு வாரம், போட்டியின்றித் தேர்வுன்னு தலைவருக்கு மாலை விழுகும், வேட்டு போடுவாங்க. ஒருத்தருக்குப் போட்டி இல்லைன்னா அதுக்குப் பின்னால என்னென்ன இருக்கும்னு மோந்து பாக்கற பழக்கம் அப்படி வந்ததுதானுங்க எங்களுக்கு.

உங்க ஒருத்தரோட முகராசி இதுன்னும் நெனைச்சுக்காதீங்க. இந்த நாட்டுல சுமார் 3,000 ஷெரீப்புங்க இருக்கறாங்க. பெரும்பாலான மாநிலத்துல நாலு வருசத்துக்கு ஒருக்காத் தேர்தல். அதுல ஏறக்கொறையப் பாதித் தேர்தல்ல எதுக்கால ஆளே இருக்கறதில்லைங்களாமா. எமிலி ஃபாரிஸ், மிர்யா ஹோல்மன்னு ரெண்டு பேராசிரியைங்க ஷெரீப்புங்களைப் பத்தியே 2024-ல 'தி பவர் ஆஃப் தி பேட்ஜ்'னு ஒரு பொஸ்தகம் போட்டிருக்கறாங்க, பேத்தி காட்டுனா. பெரிய பட்டணத்துப் போலீஸ் தலைவரை மேயர் நெனைச்சாத் தூக்கிரலாம். உங்க கவுண்டிக் கமிசன் நீங்க கேட்ட காசைக் குடுக்காம இழுக்கலாமே ஒழிய, ஆளை அசைக்க முடியாது. உங்களை வீட்டுக்கு அனுப்பற வேலையைச் சட்டம் பெரும்பாலும் ஓட்டுப் போடற சனத்துக்கிட்டத்தான் விட்டிருக்குது. அந்தச் சனத்துக்கு இந்தத் தடவை சீட்டுல வேற பேரே இல்லை.

எங்க மெட்ராசுக்கும் ஒரு ஷெரீப் இருந்தாரு, தெரியுங்களா? வெள்ளைக்காரன் உண்டாக்கி வெச்சுட்டுப் போன பதவி, 1990-கள் வரைக்கும் இருந்துச்சு. பட்டணத்துல பெரிய மனுசராப் பாத்து நியமிப்பாங்க. வெளிநாட்டு விருந்தாளி வந்தா வரவேத்து மாலை போடுவாரு, தலைவருங்க செத்தா இரங்கல் கூட்டம் கூட்டுவாரு. துப்பாக்கியும் இல்லை, ஜெயிலும் இல்லை. அவருக்கும் எதுக்கால ஆளில்லைதான். அதனால ஆரு சோத்துலயும் மண்ணு விழுகலைங்க.

சோறுன்னு சொன்னதும் கேக்கோணும்னு இருந்தது ஞாபகம் வந்துருச்சு. உங்க ஜெயில்ல என்னங்க போடறீங்க? நான் ஏன் கேக்கறேன்னா, உங்களுக்குத் தெக்கால அலபாமாவுல நடந்த சோத்துக் கதையைப் படிச்சதுல இருந்து எனக்கு அந்த நெனப்பாவே இருக்குது.

அங்க ஒரு பழைய சட்டம் இருந்துச்சு. ஜெயில்ல இருக்கற கைதி ஒருத்தனுக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர் சாப்பாட்டுக் காசுன்னு மாநிலம் குடுக்கும். மூணு வேளைக்கும் சேத்துத்தான். அதுல மிச்சமாச்சுன்னா, மிச்சம் ஷெரீப்போட சொந்தக் காசு. அப்படித்தான் அந்தச் சட்டத்துக்கு அங்கத்த ஷெரீப்புங்க பல பேரு அர்த்தம் பண்ணி வெச்சிருந்தாங்க. கைதிக்குச் சோறு போடறவன், போடாம விட்டதை எடுத்துக்கலாம்! எங்கூர்ல கல்யாணச் சமையலுக்கு ஆளு புடிக்கையில கூட மளிகைச் சாமானை நாங்களே வாங்கிக் குடுத்துத்தானுங்க அடுப்புப் பத்த வெக்கச் சொல்லுவோம்.

மார்கன் கவுண்டியில கிரெக் பார்ட்லெட்னு ஒரு ஷெரீப். மூணு வருசத்துல சோத்துக் காசுல அவரு மிச்சம் புடிச்சது 2,12,000 டாலர். எப்படின்னா, கார்ன் டாக்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா, இறைச்சிக் கொழாயைச் சோள மாவுல முக்கிக் குச்சியில சொருகிப் பொரிச்சது, அது ஒரு லாரி நெறைய மலிவா வந்துச்சு. பக்கத்துக் கவுண்டி ஷெரீப்பும் இவருமாப் பாதிப் பாதி போட்டு வாங்கிட்டாங்க. அப்பறமென்ன, ஜெயில்ல வாரக்கணக்குல கார்ன் டாக்குதான். கைதிங்க மெலிஞ்சு போயிக் கோர்ட்டுல நின்னாங்க. கூட்டரசு நீதிபதி பாத்தாரு. 2009 ஜனவரியில ஷெரீப்பையே புடிச்சு ஒரு ராத்திரி உள்ள வெச்சுட்டாரு. மறுநாள், இனிமேலுக்கு வர்ற காசு பூராத்தையும் சோத்துக்கே செலவு பண்றேன்னு ஒத்துக்கிட்டு வெளிய வந்தாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்கு என்ன போட்டாங்கன்னு எழுதலைங்க. எனக்கு அதுதான் வெசனம்.

அதோட நின்னுச்சான்னா, இல்லை. அதே கவுண்டிக்கு அடுத்தாப்பல ஷெரீப்பா வந்தது ஆனா ஃபிராங்ளின்னு ஒரு அம்மா. மேல சொன்ன ஒப்பந்தம் கோர்ட்டு ஏட்டுல பத்திரமா இருக்கையிலயே, சோத்துக் காசை எடுத்து 1,50,000 டாலரைப் பழைய கார் விக்கற ஒரு கடையில போட்டுட்டாங்க. கடை திவாலாயிருச்சு. 2017-ல கோர்ட்டு அவமதிப்புன்னு 1,000 டாலர் அவராதம்.

மூணாவது ஆளு எட்டோவா கவுண்டி டாட் என்ட்ரகின். இவரு கதை எப்படி வெளிய வந்துச்சுன்னு கேளுங்க. அவரு வீட்டுப் புல்லு வெட்டறதுக்கு ஒரு பையன் போயிருக்கறான். கூலியைச் செக்காக் குடுத்திருக்கறாங்க. செக்கோட மூலையில கணக்குப் பேரு அச்சடிச்சிருக்குது: ஷெரீப் டாட் என்ட்ரகின், உணவு வழங்கல் கணக்கு. அந்தப் பையன் அதைப் பத்திரிகைக்காரருகிட்டக் காட்டுனான். 2018-ல பத்திரிகைக்காரரு நோண்ட நோண்ட, மூணு வருசத்துல 7,50,000 டாலருக்கு மேல சோத்துக் காசு ஷெரீப் கைக்குப் போயிருக்கறது தெரிஞ்சுச்சு. ஆரஞ்ச் பீச்சுன்னு கடலோரத்துல 7,40,000 டாலருக்கு ஒரு வீடும் வாங்கியிருந்தாரு. நான் சட்டப்படிதான் நடந்தேன்னு அவரு சொன்னாரு. சட்டத்துக்கு அப்படி அர்த்தம் பண்ண எடம் இருந்துச்சுங்க, அதுல பொய்யில்லை. ஜெயிலுக்குள்ள சட்டியில வேகாம விட்டது எதுவோ, கடக்கரையில நாலு படுக்கையறையா எந்திரிச்சு நின்னுச்சு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க தம்பி. அந்த 2018 ஜூன்ல கட்சிக்குள்ள நடக்கற மொதக் கட்டத் தேர்தல்ல என்ட்ரகின் தோத்துப் போனாரு. எதுக்கால ஒருத்தரு நின்னிருந்தாரு, பக்கத்து ரெயின்போ சிட்டியோட போலீஸ் தலைவரு. அந்த மனுசன் மட்டும் மனுப் போடாம இருந்திருந்தா, பத்திரிகையில வந்ததையெல்லாம் படிச்சுட்டுச் சனங்க பெருமூச்சு விட்டுக்கிட்டு அதே பேருக்கு நேராத்தான் கருப்படிச்சிருக்கோணும். 2019-லதான் அலபாமாவுல சட்டத்தை மாத்தி, ஒரு நாளைக்கு 2.25 டாலர், அது தனிக் கணக்கு, ஷெரீப்பு மடிக்குப் போகக் கூடாதுன்னு வெச்சாங்க.

உங்க டென்னசி சட்டம் வேறங்க. உங்ககிட்டக் கடக்கரை வீடும் இல்லை. இருந்திருந்தா பெஞ்சுக்காரங்க இன்னேரம் சொல்லியிருப்பாங்க. ஆனாலும் ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டை உங்க ஜெயில் தட்டுல வாங்கிச் சாப்புட்டுப் பாருங்க. முன்கூட்டிச் சொல்லீட்டுப் போகாதீங்க. சொன்னாச் சமையக்காரன் வெண்ணெயை எச்சாப் போட்டுருவான். டாக்டரு புள்ளையோட அப்பன்ங்கற மொறையில சொல்றேன், அது உங்க பெல்ட்டுக்கும் நல்லது.

அலபாமா தூரம்னா, உங்க மாநிலத்துக் கதைக்கே வர்றேன். இங்கிருந்து காருல ஒரு மணி நேரம், மெக்மின் கவுண்டி, ஏதென்ஸ் டவுன். மாப்பிள்ளை ஒரு ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போனாரு. அமைதியான ஊருங்க. இந்த ஊருலயா டைனமைட் வெச்சாங்கன்னு நம்ப முடியலை.

அங்க 1936-ல பால் கான்ட்ரெல்னு ஒருத்தரு ஷெரீப்பா வந்தாரு. அப்பெல்லாம் ஷெரீப்புக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கட்டணம். ஆளைப் புடிச்சா ஒரு காசு, உள்ள வெச்சா ஒரு காசு, வெளிய விட்டா ஒரு காசு. அப்படி இருந்தா என்ன நடக்கும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். கவுண்டி வழியாப் போற பஸ்ஸை நிறுத்தி, தூங்கிக்கிட்டு இருந்தவனையெல்லாம் எழுப்பிக் குடிச்சிருக்கறான்னு எறக்கி அவராதம் போட்டாங்க. அவரு மேல் பதவிக்குப் போனதும் பேட் மேன்ஸ்பீல்டுன்னு அவரோட ஆளு ஷெரீப். தேர்தலெல்லாம் ஒழுங்கா நடந்துச்சுங்க. எண்ணறதுதான் சித்த மறைவா நடந்துச்சு.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு அந்த ஊர்ப் பசங்க திரும்பி வந்தாங்க. அத்தனை தூரம் போயிச் சண்டை போட்டுட்டு வந்தவனை, பீர் குடிச்சதுக்குப் புடிச்சு அவராதம் போட்டா விடுவானுங்களா? தங்களுக்குள்ள ஒரு அணி சேத்து, நாக்ஸ் ஹென்றின்னு ஒரு முன்னாள் சிப்பாயை ஷெரீப்புக்கு நிறுத்துனாங்க. போட்ட ஓட்டுப் போட்டபடி எண்ணப்படும்ங்கறதுதான் அவங்க குடுத்த வாக்குறுதி. ரோடு போடறேன், பாலம் கட்டறேன்னு ஒண்ணும் சொல்லலை.

1946 ஆகஸ்ட் 1-ந் தேதி ஓட்டு. ஓட்டுப் போட வந்த ஒரு வயசான கருப்பின விவசாயியை ஒரு டெபுடி முதுகுல சுட்டான், ஆளு பொழைச்சுக்கிட்டாரு. பொழுதோட ஷெரீப் ஆளுங்க ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி ஜெயிலுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எண்ணறதுக்குங்களாமா! ஒரு குத்தமும் பண்ணாத பெட்டியை உள்ள போட்ட ஊரு அது ஒண்ணாத்தான் இருக்கும். பசங்க போயி ஆயுதக் கெடங்கைத் தெறந்து துப்பாக்கி எடுத்துட்டு வந்து ஜெயிலைச் சுத்திக்கிட்டாங்க. ராப்பூரா வேட்டு. விடியறதுக்கு முன்னால டைனமைட்டை வீசுனதும் டெபுடிங்க கையைத் தூக்கிட்டு வெளிய வந்தாங்க. ஆரும் சாகலை. பெட்டியை எண்ணுனா, நாக்ஸ் ஹென்றி ஜெயிச்சிருந்தாரு.

துப்பாக்கி எடுத்தது நல்லதுன்னு நான் சொல்ல வரலைங்க. நான் சொல்ல வர்றது வேற. அந்தப் பசங்க திரும்பி வர்ற வரைக்கும் மெக்மின் கவுண்டிச் சனங்க பெரும்பாலும் கம்முனுதான் இருந்தாங்க. ரோட்டுல ஷெரீப்பைப் பாத்தா தொப்பியைத் தொட்டுட்டுத்தான் போயிருப்பாங்க. கான்ட்ரெலும் நம்மளை ஊருக்கே புடிச்சிருக்குதுன்னுதான் நெனைச்சுப் படுத்திருப்பாரு.

உங்களை அந்த ஆளுகளோட சேக்கலைங்க தம்பி. போன குளிருல ரோடெல்லாம் பனி ஒறைஞ்சு கெடந்தப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்களே வண்டியை எடுத்துட்டு வந்து என்ற மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. பிரசவ வலியில ஒரு பொம்பளை அங்க காத்துக்கிட்டு இருந்தா. அதை நாங்க மறக்க மாட்டோம். வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்த மாட்டை, கட்டுத்தறிக்காரன் எந்திரிக்கறதுக்கு முன்னால நீங்க முடுக்கி விட்டதையும் பெஞ்சுல சொன்னாங்க. அந்தக் கதையை மட்டும் கொரலைத் தாழ்த்தாமச் சத்தமாத்தான் சொன்னாங்க. மத்த கதைகளுக்கு ஏன் தாழ்த்தறாங்கன்னு நீங்கதான் போயிக் கேக்கோணும். யூனிபாரத்தோட போனீங்கன்னா அன்னிக்கு வானிலை பத்தித்தான் பேசுவாங்க.

இன்னொண்ணு. சாவை விசாரிக்கற கொரோனருகிட்டச் சித்தப் பணிவா நடந்துக்கோங்க. இங்க எப்படியோ, இண்டியானா மாநிலத்துல ஷெரீப்பைக் கைது பண்ற அதிகாரம் அவருக்கு இருக்குதுங்களாமா. ஊரையே கைது பண்ற ஆளைக் கைது பண்ண, செத்தவங்களைப் பாக்கற ஆளைத் தேடியிருக்கறான் பாருங்க சட்டம் எழுதுனவன்! மத்தவன் ஆருக்கும் தைரியம் வராதுன்னு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது.

சீட்டுல உங்க பேருக்குக் கீழ ஒரு வெத்துக் கோடு இருக்கும், வேணும்னா வேற பேரை எழுதிக்கலாம்னு. எங்க பெஞ்சுல ஒருத்தரு, அதுல என்ற நாய் பேரைத்தான் எழுதப் போறேங்கறாரு. நாய் நல்ல நாய்தானுங்க, ராத்திரியில முழிச்சிருக்குது. ஆனா இந்த மாநிலத்துல அப்படி எழுதற பேரை எண்ணோணும்னா, எழுதப்படறவரு தேர்தலுக்கு 50 நாளு முன்னாலயே தேர்தல் ஆபீசுல எழுதிக் குடுத்திருக்கோணும். நாய் குடுக்கலை. அதனால அந்த ஓட்டு எண்ணிக்கையிலயே வராது, நீங்க நூத்துக்கு நூறுன்னு பேப்பர்ல போட்டுக்குவாங்க. அந்த நூறுக்குப் பின்னால நாயும் இருக்குது, ஓட்டுப் போடவே போகாதவங்களும் இருக்கறாங்கங்கறதை நீங்க மட்டும் தனியா எழுதி வெச்சுக்கோங்க.

போட்டி இல்லாததுல உங்களுக்கு ஒரு நட்டம் இருக்குதுங்க, அதை ஆரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. எதிராளின்னு ஒருத்தன் இருந்தான்னா காசு வாங்காம உங்க கணக்கையெல்லாம் தணிக்கை பண்ணியிருப்பான். ஜாமீன் கட்ட வழியில்லாம எத்தனை பேரு எத்தனை மாசமா உள்ள கெடக்கறாங்கன்னு மேடை போட்டுக் கேட்டிருப்பான். கார் இழுக்கற பட்டியல்ல மொதப் பேரு ஏன் உங்க மச்சான் பேருன்னு கேட்டிருப்பான். மச்சான் இல்லைன்னா, இல்லைன்னு சொல்லி நீங்களும் நல்ல பேரு வாங்கியிருப்பீங்க. இப்பக் கேக்கறதுக்கும் ஆளில்லை, நீங்க பதில் சொல்லிப் பேரு வாங்கறதுக்கும் வழியில்லை. டெபுடிங்க கேக்க மாட்டாங்க. போர்டு அடிச்சுக் குடுத்தவன் கேக்கவே மாட்டான்.

அதனால அந்த எதிராளி வேலையையும் நீங்களே சித்தப் பாத்துருங்க. போர்டுக்குச் செலவு பண்ண முட்டுவழியில நாலு தாள் அச்சடிச்சாப் போதும். ஜெயில்ல இன்னிக்கு எத்தனை பேரு, அதுல தீர்ப்பாகாம இருக்கறவங்க எத்தனை பேரு, கார் இழுக்கற பட்டியல்ல ஆராரு, ஒரு கைதிக்கு ஒரு நாளைக்குச் சோத்துக்கு எவ்வளவு செலவாச்சு, மிச்சம் எவ்வளவு, அது எந்தக் கணக்குல கெடக்குது. கோர்ட்டு வாசல்ல ஒட்டீருங்க. ஆகஸ்ட்டுக்கு முன்னாலயே ஒட்டோணும். ஜெயிச்ச பொறவு ஒட்டறேன்னு சொன்ன ஆளுங்களை எங்கூர்ல எனக்கு நெறையப் பேரைத் தெரியுங்க.

நாலையும் ஒட்டக் கை வரலைன்னா, சோத்துக் கணக்கை மட்டுமாச்சும் மொதல்ல ஒட்டுங்க தம்பி.